ஆறு வரி உதாரணம்

செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு அவள் மேஜைக்குப் புகார் வந்தது.

எழுதியவர் ஒரு பள்ளியின் இசை ஆசிரியை. கடிதத்தில் கோபம் இல்லை.

"உங்கள் கையேட்டில், ஒரு வாத்தியத்துக்கு மட்டும் தனித் தாள் எடுப்பது எப்படி என்ற பகுதியில் உள்ள உதாரணத்தை அப்படியே எடுத்துக்கொண்டேன். கிளாரினெட் வாசிக்கும் பிள்ளைகள் மட்டும் மற்றவர்களோடு சேரவே இல்லை. ஒரு வாரம் அவர்களைத் திட்டினேன். அப்புறம்தான் தாளைப் பார்த்தேன். பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உதாரணத்தைத் திருத்திவிட்டால் நல்லது."

அவள் மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

இசையைத் தாளில் அச்சிடும் மென்பொருள் ஒன்றுக்குக் கையேடு எழுதுவது அவள் வேலை. ஸ்வரங்களை விரலால் இழுத்து வைக்கிற வகை அல்ல அது. கட்டளைகளை எழுத்தில் எழுத வேண்டும். மென்பொருள் ஐந்து கோடு போட்டு, ஸ்வரங்களை அடுக்கி, பக்கமாக்கித் தரும். கட்டளையை எப்படி எழுதுவது என்று காட்டச் சின்னச் சின்ன உதாரணங்கள் வேண்டும். இடப்பக்கம் கட்டளை, வலப்பக்கம் அதிலிருந்து வரும் இசை. பல வருடமாக அவள் எழுதுவது இந்த உதாரணங்களைத்தான்.

அவற்றில் இசை இருக்கக் கூடாது என்பது அவள் முதல் விதி. மெட்டு நன்றாக இருந்தால் கண் மெட்டுக்குப் போய்விடும். காட்ட வந்த குறியைப் பார்க்காது. அதனால் எல்லா உதாரணத்திலும் ஒரே ஸ்வரம், நான்கு முறை. "உலகத்துலயே அதிகமா அச்சான இசையமைப்பாளர் நீதான்க்கா," என்று தம்பி சொல்வான். "ஆனா ஒரே பாட்டு."

இரண்டாவது விதி, ஓர் உதாரணத்தில் ஒரு விஷயம்தான். மற்றதெல்லாம் வெட்டு. அலுவலகத்தில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள்.

"என்ன கத்தரி, முகம் செத்துப் போச்சு?"

பக்கத்து மேஜைக்காரர். மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிறவர். அவருக்குச் சந்தேகம் என்று பெயர். சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு, மூடினோமா என்று மறுபடி திறந்து பார்ப்பார்.

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். அவர் நின்றபடியே படித்தார்.

"இது அந்த ஆறு வரிதானே?"

"ம்."

"அன்னிக்கே கேட்டேன்."

"கேட்டீங்க."

"அப்படியே ஒட்டினா என்ன ஆகும்னு கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க?"

"ஞாபகம் இருக்கு."

"ஒட்டறவனுக்கு எழுதலை, படிக்கறவனுக்கு எழுதறேன்னு சொன்னீங்க. எல்லாரும் கை தட்டினாங்க. நான்கூடத் தட்டினேன். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு."

கிளாரினெட், தாளில் உள்ளதை அப்படியே சொல்லாத வாத்தியம். எதை வாசித்தாலும் ஒரு படி கீழே ஒலிக்கும். அதன் அமைப்பு அப்படி. அதனால் கிளாரினெட்காரரின் தாளில் மட்டும் எல்லா ஸ்வரத்தையும் ஒரு படி உயர்த்தி அச்சிட வேண்டும். மென்பொருளில் அதற்கு ஒரே ஒரு வரி. முதலில் எழுதியபோது உதாரணத்தில் அந்த வரி இருந்தது. அப்போது மொத்தம் ஏழு வரி. ஆனால் அந்தப் பகுதி தனித் தாள் எடுப்பதைப் பற்றியது. உயர்த்துவது இரண்டு அத்தியாயம் தள்ளி வருகிறது. வெட்டினாள். வாத்தியத்தின் பெயர் மட்டும் கிளாரினெட் என்றே இருந்துவிட்டது.

"வயலின்னு மாத்தியிருந்தா போதும்," என்றார் சந்தேகம். "ஒரு வார்த்தை."

"ஆமா."

"சரி, விடுங்க. பிள்ளைங்கதானே. ரெண்டு திட்டு வாங்கினாங்க. யாருக்கும் கை கால் போகலை."

அவர் தன் நாற்காலிக்குப் போனார். அவள் விசைப்பலகையில் கை வைத்தாள். கை அப்படியே நின்றது.

தம்பி கிளாரினெட்டுக்கு எழுதியிருந்தான்.

*

தம்பிக்கு இசையமைப்பது தொழில். சினிமாவுக்கு அல்ல. முப்பது நாற்காலி போட்டால் பத்து நிறைகிற அரங்குகளுக்கு. வீட்டை அவன் மனைவி நடத்தினாள். ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் உட்கார்ந்து நாளெல்லாம் பேசுவது அவள் வேலை. வீட்டுக்கு வந்து யாரும் கேட்காத பேச்சைப் பேசுவது இன்னொரு வேலை என்பாள்.

தம்பிக்கு இடது காது சிறு வயதிலேயே போய்விட்டது. வலது காது வருடா வருடம் இறங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒரு கருவி மாட்டிச் சமாளித்தான். பேச்சுத்தான் அவனுக்குப் பிடிபடவில்லை. வாத்தியங்கள், எதிரே உட்கார்ந்து வாசித்தால், பிடிபட்டன. கம்ப்யூட்டரில் ஓடவிட்டால் கருவியில் வெறும் இரைச்சல். அதனால் எழுதியதை ஓடவிட்டுக் கேட்க மாட்டான். கண்ணால் படிப்பான். மற்றதை ஒத்திகையில் கேட்டுக்கொள்வான்.

காது மருத்துவர் இரண்டு வருடமாக அறுவை சிகிச்சை செய்யச் சொல்லிக்கொண்டிருந்தார். வலது காதின் உள்ளே மெல்லிய கம்பி வைப்பார்கள்; இடது காதில் வைத்துப் பயனில்லை. பேச்சு கேட்கும். மிச்சமிருக்கிற சொந்தக் காது அநேகமாகப் போய்விடும்.

"பாட்டு எப்படிக் கேக்கும், டாக்டர்?"

"தகரக் கூரையில மழை பெய்யற மாதிரின்னு ஒருத்தர் சொன்னார். ஆளுக்கு ஆள் மாறும்."

"அப்ப வேண்டாம்," என்றான் தம்பி. "இருக்கறது போதும். பேச்சு கேக்காட்டி என்ன? இவ பேசறதெல்லாம் எனக்கு மனப்பாடம்."

மனைவி மருத்துவரைப் பார்த்தாள். "மனப்பாடம் பண்ணி ஒண்ணாவது செஞ்சிருக்காரான்னு கேளுங்க டாக்டர்."

அறையில் இருந்த நான்கு பேரும் சிரித்தார்கள். துணைக்குப் போயிருந்த அவளும்தான்.

அதற்குப் பிறகு ஒரு நாள் சாலையில் பின்னால் வந்த லாரியின் ஒலி அவனுக்குக் கேட்கவில்லை. யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். மனைவி மறுபடி கேட்டாள். அழுது கேட்டாள். அப்போதும் மாட்டேன் என்றான். வாத்தியம் கேட்கிறவரை காதில் யாரையும் கை வைக்க விடமாட்டேன் என்றான்.

*

ஒத்திகை கோடையில் நடந்தது. நான்கு தந்தி வாத்தியங்கள், ஒரு கிளாரினெட். இருபது நிமிடம் வரும் உருப்படி. மூன்று வருடமாக எழுதியிருந்தான். ஐந்து பேருக்கும் தனித் தாள்களை அவனே எடுத்தான்.

"உன் உதாரணத்தையே போட்டேன்க்கா. வாத்தியத்தோட பேரை மட்டும் ஒவ்வொண்ணுக்கும் மாத்தினேன். கிளாரினெட்டுக்கு அதுவும் மாத்தலை, நீயே போட்டு வெச்சிருக்கே. கத்தரி கை வெச்ச இடத்துல எனக்கென்ன வேலை?"

பார்த்துச் சொல்லு என்று கோப்பை அனுப்பினான். அவள் பக்கங்களைப் புரட்டினாள். பக்கம் திருப்பும் இடங்கள் வாசிப்பவர் சும்மா இருக்கும் இடங்களில் விழுந்திருந்தன. குறிகள் ஒன்றோடொன்று முட்டவில்லை. நல்லா இருக்கு என்று பதில் போட்டாள்.

ஒத்திகைக்கு அவளும் போனாள். ஒரு பள்ளிக்கூடத்தின் மாடி அறை. மேஜைகளைச் சுவரோரம் தள்ளி ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்திருந்தார்கள். தம்பி முழுத் தாளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தான். ஐந்து வாத்தியமும் ஒரே பக்கத்தில் இருக்கும் தாள் அது. அதில் கிளாரினெட் எப்படி ஒலிக்க வேண்டுமோ அப்படியே அச்சிடப்பட்டிருக்கும். அதில் தவறில்லை.

அவள் கிளாரினெட்காரிக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அந்தப் பெண் குழுவுக்குப் புதிது. தாளைத் தாங்கியில் விரித்து, மூலையை நீவிவிட்டாள்.

வயலின்காரர்களின் தாளில் தொடக்கத்தில், ஸ்வரத்தை அரைப் படி ஏற்றும் ஷார்ப் குறி இரண்டு. கிளாரினெட் தாளிலும் இரண்டு. உயர்த்தி அச்சிட்டிருந்தால் அங்கே நான்கு இருக்க வேண்டும். பின்னாலிருந்து பார்த்த அவள் கண் அந்த இரண்டின் மேலும் போய் நின்றது. குறிகளுக்கு இடையில் விட்டிருந்த இடைவெளி அழகாக இருக்கிறது என்று நினைத்தாள். நினைத்தது அவ்வளவுதான்.

வாசித்தார்கள். கொஞ்ச நேரத்தில் செல்லோக்காரர் வில்லைத் தூக்கினார். குழுவில் மூத்தவர் அவர்.

"சார், கிளாரினெட் இப்படித்தானா? எங்களை விட்டுத் தனியாப் போகுதே."

அவர் வாயைப் பார்த்துத் தம்பி புரிந்துகொண்டான். மடியில் இருந்த தாளைப் பார்த்தான். நிமிர்ந்து கிளாரினெட்டைப் பார்த்தான். பிறகு மறுபடி தாளைப் பார்த்தான்.

"ஆமா. இப்படித்தான்."

"சரி. போன உருப்படியில வயலின் பைத்தியம் பிடிச்சு அலைஞ்சுது. இந்த வருஷம் கிளாரினெட் முறை போல."

எல்லோரும் சிரித்தார்கள். கடைசிவரை வாசித்தார்கள். அவளுக்கு அது தம்பியின் மற்ற உருப்படிகளைப் போலவே இருந்தது. கரடுமுரடாக, ஏதோ யோசித்துச் செய்ததாக. தாளைப் படிப்பது அவளுக்குப் பிழைப்பு. கேட்கத் தெரியும் என்று அவள் எப்போதும் சொல்லிக்கொண்டதில்லை.

திரும்பும்போது பேருந்தில் தம்பி ஜன்னல் பக்கம் பார்த்தபடி பேசினான். தன் குரல் எவ்வளவு சத்தம் என்று அவனுக்குத் தெரியாது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"கிளாரினெட் கீழ இறங்கிக் கேட்டுச்சுக்கா. மத்த நாலும் சரியா இருந்துச்சு."

அவள் அவன் கையைத் தொட்டு, மெதுவாகப் பேசு என்று சைகை செய்தாள்.

"மடியில தாள் இருக்கு. எல்லாம் சரியா இருக்கு. கண்ணு சரிங்குது, காது இல்லைங்குது. எதை நம்பறது? கண்ணுதானே நல்லா இருக்கு." கொஞ்சம் கழித்துச் சொன்னான். "அதான் ஆமான்னுட்டேன். காது போனவன் எழுதின பாட்டுன்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாம்."

அவள் அவன் பக்கம் திரும்பி, உதடு தெரியும்படி பேசினாள். "டாக்டர் சொன்னாரே. காது இறங்க இறங்க ஸ்வரமும் இறங்கிக் கேக்கலாம்னு."

"சொன்னாரா?"

"போன தடவை சொன்னார்."

"அதான் அப்ப," என்றான்.

அடுத்த வாரம் உருப்படியைத் திரும்ப வாங்கிக்கொண்டான். நிகழ்ச்சி வேண்டாம் என்றான். அதற்கு அடுத்த வாரம் அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துப் போட்டான்.

"ஓட்டைப் பானையை எத்தனை நாளைக்குத் தூக்கிட்டுத் திரியறது?" என்றான். "பாட்டு போயாச்சு. இவ குரலாவது வரட்டும்."

மனைவி அன்று மாலை அவளுக்குப் போன் செய்தாள். "சம்மதிச்சுட்டார் அண்ணி," என்றாள். அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை.

*

தம்பி அனுப்பிய கோப்பு மின்னஞ்சலில் இன்னும் இருந்தது. திறந்தாள்.

முதல் ஆறு வரி அவளுடையது. பிறருக்காக அவள் எழுதி வைத்த குறிப்புகூட அப்படியே இருந்தது. "இங்கே உங்கள் வாத்தியத்தின் பெயர்." அதற்குக் கீழே அவன் இசை தொடங்கியது.

ஏழாவது வரியைச் சேர்த்தாள். அச்சிட்டாள். பழையதையும் அச்சிட்டாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்றில் இரண்டு குறி. ஒன்றில் நான்கு. மற்றபடி அதே இடைவெளி, அதே அழகு.

பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழு உருப்படியையும் ஓடவிட்டாள். கம்ப்யூட்டரின் செத்த வயலின், செத்த கிளாரினெட். ஆனால் ஸ்வரங்கள் சரி. இருபது நிமிடமும் கேட்டாள். இந்த உருப்படியை இதுவரை யாரும் கேட்டதில்லை என்பது பாதியில் உறைத்தது. எழுதியவனும் கேட்டதில்லை. அவனால் இனிமேல் முடியாது.

முடிந்த பிறகும் அவள் ஹெட்போனைக் கழற்றவில்லை.

மேலாளர் வந்து மேஜையைத் தட்டினார். கழற்றினாள்.

"அந்த இசை டீச்சர் புகார் உனக்குத்தானே?"

"ஆமா சார்."

"ஒரு வரிதானே?"

"ஒரு வரிதான்."

"சேர்த்துட்டு மூடிடு. என்ன வகைன்னு போட்டே?"

"இன்னும் போடலை."

"சிறு திருத்தம்னு போடு. பிழைன்னு போட்டா மேல விளக்கம் கேப்பாங்க."

அவர் போனார். சிறு திருத்தம் என்று போட்டாள். ஆசிரியைக்கு நன்றி தெரிவித்துப் பதில் எழுதினாள். சாயங்காலம் அலுவலகம் விட்டதும் வீட்டுக்குப் போகாமல் தம்பி வீட்டுக்குப் பேருந்து ஏறினாள். சொல்லிவிட வேண்டும். உன் காது சரியாக இருந்தது என்று அவனுக்குச் சொல்ல வேண்டும். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

*

தம்பி மனைவி கதவைத் திறந்தாள். கையில் ஒரு பழைய வாரப் பத்திரிகை.

"வாங்க அண்ணி. பள்ளிக்கூடம் நடக்குது."

கம்பிக்கு இணைப்புக் கொடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கேட்கப் பழக வேண்டும். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் மனைவி அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிப்பாள். அவன் திருப்பிச் சொல்ல வேண்டும்.

அவன் நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். காதுக்கு மேலே, மயிர் சிரைத்த இடத்தில், கம்பிக்கு ஒலியை அனுப்பும் பொத்தான் அளவு வட்டம் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் எதிரே பியானோ. மூடியின் மேல் இஸ்திரி போட வேண்டிய துணிகள்.

"யாரு வந்திருக்கா, சொல்லுங்க," என்றாள் மனைவி பின்னாலிருந்து.

"யாரு வந்திருக்கா, சொல்லுங்க," என்றான் அவன்.

"திருப்பிச் சொல்ல வேண்டாம். பதில் சொல்லுங்க."

"அக்கா. செருப்புச் சத்தம்." திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "வாக்கா. ஏதாவது பேசு, பாக்கலாம்."

"எப்படி இருக்கே?"

"தகர டப்பாக்குள்ளேர்ந்து பேசற மாதிரி இருக்கு. ஆனா உன் குரல் முன்னாடியும் அப்படித்தான்."

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல," என்றாள் மனைவி, "இப்பதான் அண்ணி நான் சொல்றதைச் சொன்னபடி சொல்றார். செலவழிச்சதுக்கு இதுவே போதும்."

அவள் முகம் தெளிந்திருந்தது. வருடக்கணக்காகக் கத்திப் பேசிய தொண்டை இப்போது சாதாரணமாகப் பேசியது.

டீ போட மனைவி உள்ளே போனாள். அவளும் பின்னால் போனாள். அடுப்படி வாசலில் நின்றபடியே சொன்னாள். புகார், ஆறு வரி, ஒத்திகை. இசை தெரியாதவளுக்குப் புரியும்படி சொன்னாள். அது அவள் தொழில். ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு விஷயம்.

மனைவி பாலை இறக்கி வைத்தாள்.

"அப்ப அன்னிக்கு அவர் காது..."

"சரியாத்தான் கேட்டிருக்கு."

"கிளாரினெட்தான் தப்பு."

"தாள்தான் தப்பு. நான் எழுதினது."

மனைவி கொஞ்ச நேரம் பாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏடு படிந்துகொண்டிருந்தது.

"அவர்கிட்ட சொல்லப் போறீங்களா?"

"சொல்ல வேண்டாமா?"

"சொன்னா? போன காது திரும்பி வந்து கதவைத் தட்டுமா?"

"அவனுக்குத் தெரியணும் இல்லையா?"

"எதுக்குத் தெரியணும்? முன்னாடியே போயிடுச்சுன்னு நினைச்சுத்தான் அவர் ராத்திரி தூங்கறார். டாக்டர் எடுக்கலை, நான் எடுக்கலை, தானாப் போச்சுன்னு. அதுல கை வைக்காதீங்க." குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்த வேண்டும் என்று இந்த வீட்டில் அவள் இப்போதுதான் பழகிக்கொண்டிருந்தாள். "ரெண்டு வருஷம் அழுது நச்சரிச்சது நான். நீங்க உங்க பாரத்தை இறக்கி வைக்க வந்திருக்கீங்க அண்ணி. இறக்கி வைக்க இந்த வீட்ல இடம் இல்லை."

அவள் கோப்பைகளை எடுத்து வைத்தாள்.

"டீயைக் குடிச்சுட்டு வேற ஏதாவது பேசுங்க."

"சரி," என்றாள். சரி என்றுதான் நினைத்தாள்.

*

மூவரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். தம்பி டீயை ஊதும் சத்தத்தைக் கேட்டுப் புருவத்தைத் தூக்கினான். எல்லாம் புதிதாக இருந்தது அவனுக்கு.

"இன்னிக்கு யாரை வெட்டினே, கத்தரி?"

"யாரையும் இல்லை. ஒரு வரி சேர்த்தேன்."

"நீயா? சேர்த்தியா?" மனைவியைப் பார்த்தான். "நாளைக்கு மழை வரும்."

மனைவி சிரித்தாள். தம்பி கோப்பையைக் கீழே வைத்தான்.

"நானும் வெட்ட ஆரம்பிச்சுட்டேன்க்கா. நூலகத்துக்கு எழுதிட்டேன். அங்க இருக்கற என் தாளையெல்லாம் திருப்பி அனுப்பச் சொல்லி. வாசிக்கற குழுக்களுக்கும் சொல்லியாச்சு. இனிமே வேண்டாம்னு."

"எதை?"

"எல்லாத்தையும். பழசெல்லாம்."

"எதுக்கு?" என்றாள் மனைவி. அவளுக்கும் இது புதிது.

"யோசிச்சுப் பாரு. காது என்னிக்குக் கோணிச்சுன்னு தெரியாது. அன்னிக்கு ஒத்திகையில கண்டுபிடிச்சேன். அது நாலு வருஷம் முன்னாடியே கோணியிருந்தா? பத்து வருஷம் முன்னாடி? நான் ஒவ்வொண்ணையும் ஒத்திகையில கேட்டுத்தான் திருத்தியிருக்கேன். கோணல் காதால கேட்டு, சரியா இருந்ததையெல்லாம் தப்பாத் திருத்தியிருப்பேன். போன உருப்படியில வயலின் பைத்தியம் பிடிச்சு அலைஞ்சுதாம். நான் பைத்தியமா எழுதலையே. அழகா இருக்குன்னு நினைச்சுத்தான் எழுதினேன்." வருத்தம் இல்லாமல் சொன்னான். கணக்கைப் பார்த்து முடித்தவன் போல. "எது சரி, எது தப்புன்னு இனிமே கேட்டுப் பார்க்கவும் முடியாது. மொத்தமா எடுத்துடறது மரியாதை. தாள் வந்ததும் கிழிச்சுடலாம்."

மனைவி அவளைப் பார்த்தாள். தலையை அசைக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சொல் என்றும் சொல்லவில்லை. எழுந்து பியானோவின் மேலிருந்த ஒரு சட்டையை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"உன் காது கோணிப் போகலை," என்றாள் அக்கா.

"என்ன?"

"பழசைத் திருப்பி வாங்காதே. அதெல்லாம் சரியாத்தான் இருக்கு."

"உனக்கு எப்படித் தெரியும்? என் மனசு ஆறட்டும்னு சொல்றே."

"இல்லை."

"பின்னே?"

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். அவன் உதட்டைப் பார்க்கிறானா என்று பார்த்தாள். பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்து, பயிற்சியில் உட்காருவது போல உட்கார்ந்திருந்தான்.

"கிளாரினெட் தாள் உயர்த்தாம அச்சாயிருக்கு," என்றாள்.

"கிளாரினெட் தாள் உயர்த்தாம அச்சாயிருக்கு," என்றான். ஒரு சொல் பிசகாமல் சொன்னான். சரியாகச் சொன்னோம் என்ற சின்னப் பெருமையோடு.

பிறகு கண்ணைத் திறந்தான்.

"என் உதாரணத்துல அந்த வரி இல்லை. நான்தான் எடுத்தேன். நீ அப்படியே போட்டே. அந்தப் பொண்ணு தாள்ல இருந்ததை வாசிச்சா. ஒரு படி கீழதான் வாசிச்சா. உனக்குக் கீழதான் கேட்டுச்சு."

"எத்தனை குறி இருந்துச்சு?"

"ரெண்டு."

"நாலு இருக்கணும்."

"ஆமா."

"நீ அவ பின்னாடிதானே உட்கார்ந்திருந்தே?"

"ஆமா."

அவன் தலையை ஆட்டினான். மெதுவாக, பல முறை. கை தானாகப் போய்க் காதுக்கு மேலிருந்த வட்டத்தைத் தொட்டது. அதைக் கழற்றவில்லை. விரலை அதன் மேல் வைத்தபடியே இருந்தான்.

மனைவி மடித்த சட்டையை உதறி, மறுபடி மடித்தாள். அவன் மனைவி பக்கம் திரும்பினான். அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் அடுத்த துணியை எடுத்தாள். பியானோவின் மூடி ஒரு பக்கம் வெளியே தெரிந்தது.

தெருவில் ஒரு வண்டி நின்று, கிளம்பிப் போனது. அதையும் அவன் கேட்டான். தலை அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தது.

"வரியைச் சேர்த்துட்டியா?"

"சேர்த்துட்டேன்."

"என் கோப்புலயும்?"

"ம்."

"ஓட விட்டுக் கேட்டியா?"

"கேட்டேன்."

"முழுசா?"

"முழுசாக் கேட்டேன்."

அவன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். முழங்கால் முழங்காலைத் தொட்டது. இப்போது அவள் உதட்டைப் பார்த்தான்.

"கடைசிப் பக்கத்துல வயலின் ஒரு ஸ்வரத்துல நிக்கும். கிளாரினெட் கீழேர்ந்து ஏறி அதே ஸ்வரத்துக்கு வந்து சேரும். அந்த இடம் எப்படி இருந்துச்சுக்கா?"